இடது கன்னத்தில் ஒரு எலுமிச்சம்பழம்

என் மூஞ்சி மேல் எனக்கு எப்போதுமே நம்பிக்கை இருந்ததில்லை. என் கல்யாண ஆல்பத்திலேயே என்னைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவனிடம் ஒரு மிஷின் முகத்தைக் காட்டச் சொன்னால்?

சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் அப்போது நான் காண்டிராக்ட் ஆள். நாற்பத்திரண்டு வயது. (அந்த வயதில் காண்டிராக்ட் என்றால் மாமியார் வீட்டில் இரண்டாவது அப்பளம் வராது.) ஆறு மாதம் அட்டெண்டன்ஸ் சுத்தமாக இருந்தால் பர்மனென்ட். ஐந்தாவது மாதம் கேட்டில் முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மிஷினை மாட்டினார்கள். பதிவு செய்த அன்று பார்த்து எனக்குக் கடைவாய்ப்பல் வலி. இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

பல்லைப் பிடுங்கி, வீக்கம் வடிந்தபின் போய் நின்றேன். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது மிஷின். கண்ணை விரித்தேன். சிரித்தேன். மூக்கு மிஷின் கண்ணாடியில் இடிக்கும்வரை மூஞ்சியைக் கொண்டுபோனேன். சிவப்பு விளக்கு. பின்னால் மொத்த ஷிஃப்டும் வரிசையில்.

"யோவ், பவுடர் எதுனா கொண்டாரட்டா?" என்றது ஒரு குரல்.

வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் நோட்டை எடுத்தார். "இன்னிக்கு எழுதிக்கிறேன் கோதண்டம். தெனம் முடியாதுப்பா. அதுக்குத் தெரிஞ்சது அந்த வீங்குன மூஞ்சிதான். அத்த இட்டுகினு வா."

அவர் சொன்னது கிண்டல். நான் எடுத்துக்கொண்டது சட்டம்.

ஒதியம்பட்டில் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று கன்னத்தை ஊதினேன். மூச்சு விட்டதும் புஸ்ஸென்று போனது. "இன்னாங்க, பல்ல புடுங்குனாங்களா, மூளைய புடுங்குனாங்களா?" என்றாள் மனைவி வசந்தா. அதற்குள் ஃபிரிட்ஜில் சின்னதாக ஒரு எலுமிச்சம்பழம் கண்ணில் பட்டுவிட்டது.

மறுநாள் பழம் இடது கன்னத்தில். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சம். மிஷினுக்கு ஒரு கை தூரம் தள்ளி நின்று, ஒரு நொடி தலையை நிமிர்த்தினேன். "தேங்க் யூ!" பச்சை விளக்கு. கண்ணில் தண்ணீர். (பாதி ஆனந்தம், பாதி தோல் கசப்பு.)

மூன்று வாரம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒருநாள் காலை கேட்டில் மேனேஜரே நின்றார். குட்கா சோதனை. வாயில் இருந்தால் அப்படியே வீட்டுக்கு.

"பேர் என்னய்யா?"

"ஹோ...ஹன்ம்."

"வாயில என்ன? குட்காவா?"

இல்லையென்று வேகமாகத் தலையாட்டினேன். பழம் இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு ஓடியது. அதை அவர் பார்த்தார்.

"துப்புய்யா!"

துப்பினால் மானம் போகும். அதனால் விழுங்கப் பார்த்தேன். (ஆமாம், முழுசாக.) கண் பிதுங்கியதும் ஏழுமலை அண்ணன் ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தார். பழம் தெறித்து, உருண்டு, மேனேஜரின் ஷூவில் முட்டி நின்றது.

"என்னய்யா இது?"

"பழம் சார். மிஷினுக்கு."

முழுக்கதையையும் கேட்டவர், "இப்ப பழம் இல்லாம நில்லு" என்றார். பதற்றத்தில் மறுபடி மூக்கைக் கொண்டுபோய் இடித்தேன். "ட்ரை அகெய்ன்." பர்மனென்ட் போச்சு என்றே முடிவு செய்தேன். அட்டெண்டன்ஸ் பார்க்கும் டைம் ஆபீஸ் சங்கீதா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"அண்ணா, அது கண்ணு, மூக்கு, தாடைன்னு மொத்த மூஞ்சியையும் அளந்து பாக்கும். மூக்க மட்டும் காட்டுனா யாருன்னு தெரியும்? கன்னம் கொஞ்சம் வீங்குனா, வத்துனா அது கண்டுக்காதுண்ணா."

ஓரடி தள்ளி நின்றேன். "தேங்க் யூ!"

ஆக, மூன்று வாரமும் கேட்டைத் திறந்தது, என்னைத் தள்ளி நிற்க வைத்த கூச்சம். பழம் சும்மா கூட வந்திருக்கிறது.

பர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் வந்தபோது மேனேஜர் சொன்னாராம்: "இவ்ளோ பேர்ல எனக்கு மூஞ்சி ஞாபகம் இருக்கறது இவன் ஒருத்தன்தான்." அன்றுமுதல் ஆயுத பூஜைக்குக் கேட் மிஷின் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பது நான்தான். வேறு யாரையும் விடுவதில்லை.

போன மாதம் மகள் எனக்குப் புது போன் வாங்கித் தந்தாள். "முகத்தக் காட்டுப்பா, லாக் போடணும்."

அடுப்படியிலிருந்து வசந்தா கத்தினாள்: "இருடி, பழம் எடுத்தாரேன்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அதற்குள் என்னை அறியாமலே, தின்றுகொண்டிருந்த முறுக்கை இடது கன்னத்துக்குத் தள்ளியிருந்தேன்.