தெருவுக்கு அந்தப் பக்கம் வெளிநாடு

"ஒரே ஒரு தெரு! அதத் தாண்டி வர உனக்குக் கால் இல்லையா?" என்று பிரேசிலிலிருந்து கத்தினாள் ஒடாலிஸ்.

"கால் இருக்கு. கார்டுதான் இல்ல!" என்று உருகுவேயிலிருந்து பதிலுக்குக் கத்தினான் எலியேசர்.

நடுவில் ஒரு டவுன் பஸ் போனது. அது போய் முடியும் வரை இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துச் சந்தித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டியின் முதல் பேச்சு இதுதான்.

எங்கள் ரிவேராவில் எல்லை என்பது ஒரு தெரு. இந்த நடைபாதை உருகுவே, அந்த நடைபாதை பிரேசில். காவலும் கிடையாது, கம்பிவேலியும் கிடையாது. எந்தப் பக்கம் அரிசி மலிவோ அந்தப் பக்கம் போவோம். எங்கள் நாய்கள் காலைக்கடனுக்கே வெளிநாடு போய்த் திரும்பும்.

ஆனால் எலியேசர் கியூபாக்காரன். தீவில் பிறந்தவனுக்கு எல்லை என்றால் கடல். வெளிநாடு என்றால் விமானம், முத்திரை, வழியனுப்ப வந்து மூக்கைச் சிந்தும் சொந்தக்காரர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளிநாடு போகலாம் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை.

போதாக்குறைக்கு, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு அவன் விண்ணப்பம் கொடுத்த அன்று வரிசையில் நின்ற ஒருவர் அவன் காதில் ஓதிவிட்டார். "கார்டு கைக்கு வர்ற வரைக்கும் நாட்ட விட்டு வெளிய போகக் கூடாது. போகணும்னா திரும்பி வர்றதுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிட்டுப் போகணும். இல்லேன்னா விண்ணப்பம் கோவிந்தா!"

அன்றிலிருந்து எலியேசர் தார் ரோட்டில் கால் வைக்கவில்லை. உண்மையில் எல்லைக் கோடு ரோட்டின் நடுவில்தான் போகிறது. ஆனாலும் எதற்கு வம்பு என்று நடைபாதை விளிம்போடு நின்றுவிடுவான். அவன் வேலை பார்ப்பதோ தெருமுனை மெத்தைக் கடையில். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பிரேசில்காரர்கள். மெத்தையைத் தலையில் சுமந்து விளிம்பு வரை வந்து, "இதுக்கு மேல நீங்கதான் தூக்கணும், எனக்கு வெளிநாட்டுப் பயணம் ஒத்துக்காது" என்பான். கடைக்காரர் வால்டெமார் தலையில் அடித்துக்கொள்வார்.

கார்டு வந்ததும் மனைவியை முறைப்படி அழைத்துக்கொள்வதாகத்தான் திட்டம். ஒடாலிசுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. அவளே கிளம்பி, காடு, ஆறு, லாரி, பஸ் என்று பிரேசில் முழுக்க அலைந்து வந்து சேர்ந்தாள். கடைசி பஸ் அவளைத் தெருவுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டதுதான் வினை.

"நீ இங்க வாயேன் ஒடாலிஸ்! ரெண்டு நிமிஷம்!"

"ஒரு கண்டத்தையே நான் தாண்டி வந்துட்டேன். மிச்சம் இருக்கிற தெருவ நீ தாண்டு! வரலேன்னா சாயங்கால பஸ்ல போர்ட்டோ அலெக்ரே போறேன். அங்க எங்க பெரியப்பா பொண்ணு இருக்கா. அப்புறம் நீயாச்சு, உன் கார்டாச்சு!"

ஒடாலிஸ் சொன்னால் செய்கிறவள். எலியேசர் விளிம்பில் ஒரு காலைத் தூக்கினான், திரும்ப அங்கேயே வைத்தான். போனால் கார்டு போச்சு, போகாவிட்டால் பெண்டாட்டி போச்சு.

வால்டெமார் கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்கும் கையில் மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குடுவையுமாக வெளியே வந்தார். "இதுக்கா இவ்வளவு கூப்பாடு? நீ நில்லுடா. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே வெளிநாடு போனார். வரும்போது அவர் கையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒடாலிஸ் இல்லை.

"அவ எங்க முதலாளி?"

"வாங்கம்மான்னேன், மாட்டேன்னுட்டாங்க. பெட்டி ஒண்ணும் மறுப்புச் சொல்லல. வெறுங்கையோட வரக் கூடாதேன்னு அதையாவது தூக்கிட்டு வந்தேன்."

எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஓ! பெட்டி போதும், பொண்டாட்டி வேணாமா?"

"ஐயோ முதலாளி, உடனே கொண்டுபோய்க் குடுத்துடுங்க!"

வால்டெமார் பெட்டிகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். பெட்டிகள் வருவதைப் பார்த்து ஒடாலிஸ் இன்னும் கொதித்துப் போனாள். "இப்ப பெட்டியவே துரத்தி விடுறானா? அப்ப என்னை உள்ள விடவே மாட்டான் போலிருக்கே!"

வால்டெமாருக்கு மூச்சு வாங்கியது. அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, அவளுக்கும் ஒரு வாய் மாத்தே கொடுத்தார். அதன்பிறகு அவர் தாய்நாடு திரும்புவதாக இல்லை.

சத்தம் போட்டுப் போட்டு எலியேசருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடை வாசலில் ஒலிபெருக்கி இருக்கிறதே என்று ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தான்.

"ஒடாலிஸ்! என் உயிரே! உன்னை நினைச்சு நினைச்சு ரெண்டு வருஷமா எனக்குத் தூக்கம் இல்ல. இனிமே நான் செய்யப்போறது ஒண்ணே ஒண்ணுதான்..."

தழுதழுத்து ஒரு கணம் நிறுத்தினான். இடைவெளி விழுந்தால் விளம்பரம் தானாக ஓடும்படி வால்டெமார் அந்தக் கருவியை அமைத்து வைத்திருந்தார். அது தன் கடமையைச் செய்தது.

"பழசைக் கொண்டுவாருங்கள், புதுசை எடுத்துச் செல்லுங்கள்! ஒரு முறை படுத்துப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்!"

இரண்டு நாடுகளும் கொல்லென்று சிரித்தன. ஒடாலிஸ் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி உருகுவே மீது எறிந்தாள்.

இதற்குள் இரண்டு நடைபாதையிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தார், "சட்டம்னா சட்டம், பையன் செய்யறது சரிதான்" என்றார்கள். அந்தப் பக்கத்தார், "பொண்டாட்டின்னா பொண்டாட்டி, இவன் என்ன ஆம்பளை?" என்றார்கள். சோளப்பொரிக்காரன் மட்டும் கட்சி சேராமல் இரண்டு நாட்டிலும் விற்றான்.

கசாப்புக் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். "டேய், நீ ஒரு மெத்தையில படு. நாங்க நாலு பேர் தூக்கிட்டுப் போறோம். உன் கால் தரையில படாது. நீ நாட்ட விட்டுப் போகல, மெத்தைதான் போச்சு. கேட்டா அப்படியே சொல்லு."

எலியேசருக்கு இதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. நல்ல இரட்டை மெத்தையாகக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு படுத்தான். நான்கு பேர் தூக்கினார்கள். அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நடந்தது தெரியாமல், "அடப்பாவமே, எப்ப செத்தான்?" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். ஒடாலிஸ் வீல் என்று அலறினாள். அதே நேரம் மெத்தை ஓரத்தில் தைத்திருந்த சீட்டு எலியேசர் கண்ணில் பட்டது. 'பிரேசிலில் தயாரானது.'

"இறக்குங்க! இறக்குங்கய்யா! படுத்ததுமே வெளிநாடு போயிட்டேன் போலிருக்கே!"

குதித்த குதியில் கணுக்கால் பிசகியது. இறந்தவன் எழுந்து நொண்டுவதைப் பார்த்து ஒடாலிசுக்கு வந்த கோபம் இதற்கு முன்பு வந்த கோபங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. "சாவு நாடகம் வேறயா? இருடா! பஸ்சுக்கு டிக்கெட் எடுத்துட்டு வர்றேன்!"

எலியேசர் நொண்டிக்கொண்டே அடுத்த தெருவிலிருந்த குடியேற்ற அலுவலகத்துக்கு ஓடினான். ஜன்னலில் மிர்த்தா அம்மா மட்டும் இருந்தார். இளகின மனசுக்காரர், ஊருக்கே தெரியும்.

"அம்மா, எனக்கு அனுமதிச் சீட்டு வேணும். வெளிநாடு போகணும். இப்பவே!"

"எந்த நாட்டுக்குத் தம்பி?"

"எதிர்த்த நடைபாதைக்கு."

மிர்த்தா அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவனைப் பார்த்தார். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். ஒடாலிஸ், பெட்டி, மெத்தை, செருப்பு எல்லாம் கலந்து வந்தது. அவருக்கும் கண் கலங்கிவிட்டது. கணினியைத் தட்டினார். நெற்றி சுருங்கியது.

"தம்பி, ஒரு நிமிஷம். இதுல ஒரு சிக்கல்..."

"சிக்கல் எதையும் சொல்லாதீங்கம்மா! என் பொண்டாட்டி போயிடுவா. சீட்டு குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"அழாதீங்க, அழாதீங்க. என்னால ஆனதப் பார்க்கிறேன்."

அவர் உள்ளே போய்த் தலைநகருக்குப் போன் போட்டார். கெஞ்சினார், அதட்டினார். "அட, மனுஷன்னா ஒரு இரக்கம் வேணாமா?" என்று கத்துவது ஜன்னல் வரை கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சீட்டு இருந்தது. "ஒத்தக் கால்ல நின்னு வாங்கிட்டேன். ஓடுங்க!"

எலியேசர் சீட்டுக்கு முத்தம் கொடுத்தான். மிர்த்தா அம்மாவின் கைக்கும் கொடுத்தான்.

தெருமுனைக்கு வந்து, சீட்டை உயரத் தூக்கிப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ரோட்டில் இறங்கினான். இரண்டு பக்கமும் ஒரே கைதட்டல். அந்தப் பக்கத்து நடைபாதையில் கால் இடித்ததும் கண்ணைத் திறந்தான். வால்டெமார் மட்டும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"அவ எங்க?"

"உன்ன நடைபாதையில காணோம்னதும் அந்தப் பொண்ணு பயந்துடுச்சுடா. கால் வேற நொண்டினானே, எங்க போய் விழுந்தானோன்னு அழுதுகிட்டே இப்பத்தான் அங்க ஓடுச்சு."

எலியேசர் திரும்பிப் பார்த்தான். மெத்தைக் கடை வாசலில், ஒற்றைச் செருப்போடு, உருகுவேயில் நின்றுகொண்டிருந்தாள் ஒடாலிஸ்.

"வந்துட்டியா?" என்று அவள் கத்தினாள்.

"வந்துட்டேன்! நீயும் போயிட்டியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கி ஓடினார்கள். நடுரோட்டில், சரியாகக் கோட்டின் மேல், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டவுன் பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சோளப்பொரி வாங்கினார். அந்த நிமிஷம் எலியேசரைப் போல சந்தோஷமான மனிதன் இரண்டு நாட்டிலும் இல்லை.

ஒடாலிஸ் அவன் கையை விடவே இல்லை. "எனக்காக இவ்வளவு பாடுபட்டியா? சரி, அந்தச் சீட்ட ஒழுங்காத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடலாம். உன் கார்டுக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது" என்றாள்.

இருவரும் கைகோத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். மிர்த்தா அம்மா ஜோடியைப் பார்த்துப் பூரித்துப்போய், சீட்டில் 'திரும்பினார்' என்று முத்திரை குத்தினார்.

"உங்களத்தான் அம்மா நான் கடைசி வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றான் எலியேசர். "அப்படியே இன்னொண்ணு. என் கார்டு எப்ப வரும்?"

"அதுவா? அது இன்னிக்குக் காலையிலயே வந்துடுச்சு தம்பி. ஆனா கார்டு வந்தவங்களுக்கு இந்தச் சீட்டு குடுக்கச் சட்டத்துல இடமே இல்ல. நீங்க அப்படி அழுதீங்களேன்னுதான், தலைநகரத்தோட சண்டை போட்டு உங்க கார்ட ரத்து பண்ணி, உங்கள மறுபடியும் விண்ணப்பதாரரா ஆக்கினேன்!"