ரிவர்ஸ் அண்ணனும் என் முதுகும்

மலை ஏறுகிறவர்களில் இரண்டே வகைதான். போகிற பக்கம் பார்த்து ஏறுகிறவர்கள் ஒரு வகை. ரிவர்ஸ் அண்ணன் இன்னொரு வகை. முதல் வகையில் உலகத்து மனிதர்கள் அத்தனை பேரும் அடக்கம், நானும் அடக்கம். இருந்தும் எங்கள் லிந்துலைப் பக்கம் வந்து யாரைக் கேட்டாலும் அந்த ஒற்றை ஆளைத்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் உண்டு. கீழே நான் எழுதப்போவது முழுக்க அந்த வயிற்றெரிச்சலைத்தான். நல்ல மனசுக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

எங்களுடையது ஆற்றுக்கு மேலே சரிவில் இருக்கிற பழைய தோட்டத்து ஊர். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்து லய வீடுகள், அதே காலத்துக் கல்பாலம், பாறையை ஒட்டி ஒரு முனியாண்டி கோயில். துரைமார் குதிரையில் போன பாதை ஒன்று, தேயிலைக் கொழுந்து மூட்டை தலைச்சுமையாக இறங்கிய பாதை ஒன்று, சாமி ஊர்வலம் போகிற பாதை ஒன்று என்று மலை முழுக்கப் பாதைகள். பஸ் இல்லாத குறைக்கு நாங்கள் திட்டிக்கொண்டே நடந்த பாதைகள் அவை. அதே பாதைகளில் நடப்பதற்கென்றே இப்போது வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள்.

அவர்கள் வரத் தொடங்கிய காலத்தில் நான் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வழிகாட்டிப் பயிற்சி முடித்து, இங்கிலீஷ் படித்து, பாலம் எப்போது கட்டினார்கள், கோப்பி எப்படிச் செத்தது எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். நிரந்தரமாக ஒரு வழிகாட்டி வைத்துக்கொள்ளப் போவதாக மெனேஜர் சொன்னார். அந்த வேலை கிடைத்தால் மனைவி, மகளோடு ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி புடவைக்கடை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் தலைகாட்டுகிற அப்பா.

படித்தவன், ஊர்க்காரன், இளைஞன், எனக்குப் போட்டியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மேட்டுப் பாதையில் ஒரு ஆள் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு எதிரே ஒரு கூட்டம் வெள்ளைக்காரர்கள் வாயெல்லாம் பல்லாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ரிவர்ஸ் அண்ணன் ஆயுள் முழுக்க ஹட்டன் ரோட்டில் பஸ் கண்டக்டர். பஸ்ஸில் பிரயாணிகள் பக்கம் பார்த்து, போகிற திசைக்கு முதுகைக் காட்டி நின்றே பழகிய உடம்பு. வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சரிவோ படியோ, விருந்தினருக்கு முன்னால் அவர் பின்பக்கமாகத்தான் நடப்பார்.

"ஏண்ணே இப்படி நடக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வந்தவங்களுக்கு முதுகக் காட்டுறது மரியாதையா தம்பி? டிக்கெட்டு எடுத்த ஆளுங்கல்ல."

பாதை குறுகினால் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்பார். உள்ளுக்கு என்றால் தேயிலைச் செடிக்குள். மூச்சு வாங்க நின்றால் அது ஒரு ஹோல்ட், பஸ் நிற்கிற இடம். எல்லோரும் எழுந்ததும் பக்கத்துச் சவுக்கு மரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி "ரைட், போவோம்" என்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்துவிடலாம். அந்த மனிதர்களுக்கோ அவர் சொன்னதெல்லாம் விளங்கியது. நான் இலக்கணத்தோடு பேசியதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

விழவும் செய்வார். தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுவார், செடிக்குள் விழுவார், ஒருமுறை கொழுந்துக் கூடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். விழுந்த இடத்திலிருந்தே கதையைத் தொடருவார். கைதட்டுவார்கள். நான் பயிற்சி எடுத்த இடத்தில் விழுவதற்குச் சொல்லித்தரவில்லை.

கதைகளோ, கேட்டால் காது கூசும் பொய். கோயில் பக்கத்துப் பாறை, திங்கட்கிழமை துரை ஒருவர் பொண்டாட்டியை நினைத்து அழுத பாறை. புதன்கிழமை சிறுத்தை குட்டி போட்ட பாறை. ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி முதுகு சொறிந்துகொண்ட பாறை. ரோட்டு வெட்டும்போது வெடி வைத்து உருட்டிவிட்ட பாறை அது. உண்மையைச் சொன்ன என்னை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, குழந்தையின் பலூனை உடைத்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். என் மனைவி செல்வி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு விழுந்தாக்கூட பாக்கச் சிரிப்பா இருக்குங்க. நீங்க விழாம நடந்தாலும் கொட்டாவி வருது."

கட்டிய மனைவி சொன்னது. மகளும் தலையை ஆட்டினாள்.

கடைசியில் மெனேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு நாள் விருந்தினரைக் கூட்டிப்போக வேண்டும், அவரும் கூட வருவார், பிறகு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அண்ணனுடைய நாள் எப்படிப் போனது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அடுத்தது என் நாள். சலவைச் சட்டை, காலில் புதுச் சப்பாத்து. புறப்படும் நேரத்தில் அண்ணன் வந்து நின்றார்.

"நீங்க ஏண்ணே?"

"வீட்டுல சும்மாதானே இருக்கேன். நானும் ஒரு பெசஞ்சர்னு வச்சுக்கங்க."

நான் முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் அவர், வழக்கம்போல விருந்தினரைப் பார்த்தபடி, என் முதுகோடு முதுகாக. அதை நான் கண்டுகொள்ளவில்லை. கல்பாலத்திலிருந்து ஆரம்பித்தேன். கோப்பி வந்தது, கோப்பியை நோய் தின்றது, தேயிலை வந்தது, எங்கள் முப்பாட்டன்மார் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தது. மழை மூட்டமாக இருந்தாலும் என் குரல் கணீரென்று இருந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை, கேள்வி கேட்கவில்லை. முதல்முறையாகச் சொக்கிப்போய்க் கேட்கிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உச்சிப் பாறையில் ஏறி, இரண்டு கையையும் விரித்து, "இதோ, கீழே ஓடுகிறது எங்கள் ஆறு" என்று இங்கிலீஷில் சொல்லித் திரும்பினேன்.

கங்காணி வீட்டு நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. வேறு ஒருவரும் இல்லை.

இறங்கி ஓடினேன். பாதி மலையில், கான் ஓரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வயதான ஒரு பெண்மணிக்கு முகம் வெளுத்துத் தலை சுற்றியிருக்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்த ரிவர்ஸ் அண்ணன் உடனே கூட்டத்தை நிறுத்திவிட்டார். "தம்பி, ஹோல்டு" என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார். நான் அந்நேரம் கோப்பியை நோய் தின்ன விட்டுக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் போத்தலில் வைத்திருந்த பிளேன்டீயை அந்த அம்மாவுக்குக் கொடுத்துத் தெளிய வைத்திருந்தார்கள். மெனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புடவைக்கடையின் கண்ணாடிக் கதவு என் கண் முன்னால் திறந்தது.

சாயந்தரம் பங்களாவில் மெனேஜர் சுருக்கமாகச் சொன்னார், வேலை அண்ணனுக்கு. நான் தலையைக் குனிந்து நின்றேன். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"சார், நான் தனியா போனா ஒரு நாளைக்கு ஓயா ஆத்துலதான் கெடப்பேன். எனக்கு ஆளுங்க மூஞ்சி தெரியும், பாத தெரியாது. முன்னுக்குப் பாக்க இந்தத் தம்பி வேணும். அவரு இல்லாட்டி எனக்கும் வேணாங்க."

மெனேஜர் யோசித்து, சரி என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. வேலையில்தான் முந்திக்கொண்டார் என்று பார்த்தால் பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டாரே. எனக்கென்று ஒரு நல்ல பெயராவது மிச்சம் வைத்தாரா மனுசன்? வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மகளிடம் போய், அப்பா இனி கொழும்புக்குப் போகமாட்டேன் என்று சொன்னேன். "ரிவர்ஸ் மாமா நல்லவரு" என்றாள்.

அதற்குப் பிறகு பல வருசம் இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தோம். நான் முன்னால் பாதையைப் பார்த்து, அவர் பின்னால் ஆட்களைப் பார்த்து. "அண்ணே, கல்லு." "அண்ணே, கான்." "அண்ணே, அட்டை." இதுதான் என் பேச்சு. சரித்திரத்தையெல்லாம் ஹோல்டில் உட்காரும்போது சொல்ல விட்டார், அதுவும் பாறைக் கதையைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. எத்தனையோ நாட்டு வீடுகளில் இன்றைக்கு எங்கள் படம் இருக்கும். எல்லாப் படத்திலும் அவர் சிரித்த முகம், எனக்கு வெறும் பிடரி.

இந்த வருசம் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கடலோரத்து நீர்கொழும்பில் இருக்கிற மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். வழியனுப்ப லயமே திரண்டு வந்தது. நான் கொழும்புக்குப் போன காலத்தில் எனக்குக் கையாட்ட ஒரு நாதி இல்லை. பஸ்ஸில் சீட் இருந்தும் அவர் உட்காரவில்லை. பின்கதவு மிதிபலகையில் எங்களைப் பார்த்து நின்றபடி, தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி "ரைட், போவோம்" என்றார். வளைவு திரும்பும்வரை அந்த முகம்தான் தெரிந்தது, முதுகு தெரியவில்லை.

இப்போது நான் தனியாகத்தான் நடக்கிறேன். கடற்கரையிலும் அவர் பின்பக்கமாகத்தான் நடக்கிறாராம், கேள்விப்பட்டேன். அங்கே யாரோ ஒருவன் அவருக்கு முன்னால் போய் "அண்ணே, அலை" என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவன் மேலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.