நம்பர் ஒன் அக்காவின் கள்ள ஓட்டு

நம்பர் ஒன் அக்காவைப் போல நேர்மையாகத் தேர்தல் நடத்திய ஆள் ராஜபாளையம் வட்டாரத்தில் இதுவரை பிறக்கவில்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தத் தேர்தலில் தோற்று, தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மில் பெண்களின் விடுதியிலேயே எனக்கும் ஒரு கட்டில் கொடுத்தார்கள். அங்கேதான் அக்கா இருந்தார். வன்னியம்பட்டிக்காரர், நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை. பல வருஷ மெஷின் சத்தத்தில் வலது காது முழுசாகப் போய், இடது காது பாதி மிச்சம் இருந்தது. அதனால் "உப்பை இங்க தள்ளு" என்று அவர் சொன்னால் காம்பவுண்டுக்கு வெளியே போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்போது விடுதியில் எல்லோருடைய போனும் வார்டன் அம்மாவின் பீரோவுக்குள் இருக்கும். பாட்டுக்கென்று இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். அதிலும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் அனுமதி. எந்தப் பாட்டு என்பதில் தினமும் தலைமுடி பிடி சண்டை. அதைத் தீர்க்க அக்கா கண்டுபிடித்ததுதான் டாப் டென். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் கோழிக்குழம்புக்காக எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கரண்டியால் தட்டைத் தட்டி ஓட்டெடுப்பார். முதல் இடம் வந்த பாட்டுதான் அந்த வாரம் முழுக்க ஓடும். பத்தாம் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, இரண்டாம் இடத்தைச் சொன்னதும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவார். கடைசி எலும்பைக் கடித்துத் துப்பி, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்த பிறகுதான் முதலிடம் வெளியாகும். அதுவரை மெஸ்ஸில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது.

சட்டதிட்டங்கள் கடுமை. காய்ச்சலில் படுத்திருப்பவளிடம் கட்டிலுக்கே போய் ஓட்டு வாங்குவார். முட்டையைக் கொடுத்து ஓட்டுக் கேட்டவளுக்கு அந்த வாரம் ஓட்டும் கிடையாது, முட்டையும் கிடையாது. வார்டன் அம்மா ஒருமுறை தனக்குப் பிடித்த சோகப் பாட்டை மேலே ஏற்றப் பார்த்தார். "ஒங்களுக்கும் ஒரு ஓட்டுதாம்மா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார் அக்கா. அந்தச் சோகப் பாட்டு ஒன்பதாம் இடத்தில் கிடந்து செத்தது.

சாமி பாட்டுக்கு இடமில்லை. எஸ்தர் என்ற பெண் புதிதாக வந்திருந்தாள். எழுந்து நின்று, "அக்கா, என் ஓட்டு கர்த்தர் பாட்டுக்கு" என்றாள்.

அக்காவும் கிறிஸ்தவர்தான். ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "ஏட்டி, கர்த்தருக்கே ரேங்க் போடுதியா? நாளைக்கு அவிய நாலாவது எடம் வந்தா யாரு பதில் சொல்லுவா?" என்றார்.

"அப்போ ஆடி மாசத்துக்கு அம்மன் பாட்டு?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"அதுவும் கெடையாது. அவிய ரெண்டு பேரும் நம்ம மெஸ்ஸுக்குள்ள மோதிக்கிட வேண்டாம்."

இத்தனைக்கும் பாட்டை அவர் காதால் கேட்டதைவிடக் கையால் கேட்டதுதான் அதிகம். சாயங்காலம் பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். "இது நல்லா துடிக்குதுட்டி" என்பார். அதுதான் அவருடைய விமர்சனம்.

பிறகு போன்களை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் காதில் ஒரு ஒயர், பிறகு ஒயர் இல்லாத குமிழ். விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அக்கா மட்டும்தான் நின்றார். ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தட்டினால் பாதிப் பேர் நிமிரவே இல்லை. நிமிர்ந்தவர்களும் ஆளுக்கொரு பாட்டைச் சொன்னார்கள். ஒரு பாட்டுக்குக்கூட இரண்டாவது ஓட்டு விழவில்லை.

"எல்லாமே ஒண்ணாம் எடம்னா ஒண்ணாம் எடம் எதுக்குட்டி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எஸ்தர் சமாதானம் செய்யப் போய், தன் போனைக் காட்டினாள். "பாருங்கக்கா, இந்தப் பாட்டு இப்ப ட்ரெண்டிங்ல நம்பர் ஒன்."

"யாரு ஓட்டுப் போட்டது?"

"யாரும் போடலக்கா. கோடிப் பேரு பாத்திருக்காங்க. அதுவா மேல வந்துரும்."

"கோடிப் பேருல ஒனக்கு எத்தனை பேரத் தெரியும்?" என்றார் அக்கா. "அதுவா வாரது நரைமுடிட்டி. நம்பர் ஒன்னு அதுவா வராது."

சிரித்தோம். ஆனாலும் அவர் ஞாயிறுதோறும் தட்டைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார், யாரும் கேட்காத பட்டியலை ஊருக்கே கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டு.

அந்த மழைக்காலத்தில்தான் செல்வி இறந்துபோனாள்.

செல்வி சுந்தரபாண்டியத்துப் பெண். ஸ்பின்னிங்கில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, காதில் குமிழை மாட்டி, தானாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம், அவளும் நினைத்தாள். டெங்கு என்று தெரிந்தபோது உடம்பு கைமீறிப் போயிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. இருபது வயதுகூட ஆகவில்லை.

மில் வேனில் போனோம். அவளுடைய அறைப் பெண்கள், எஸ்தர், அக்கா, நான். சின்ன வீடு. வாசலில் தகரப் பந்தல் போட்டு, நடுவில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். அவளுடைய அம்மா அழுது முடித்து, அழ ஒன்றும் மிச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அறைப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, ஒங்க கூடத்தான இருந்தா. வீட்டுக்கு வந்தாலும் எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டு ஒரு பாட்டக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாளே… அது என்ன பாட்டுத்தா? அத ஒரு தடவ நானும் கேட்டுக்கிடுதேன்."

அந்தப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். செல்வி எந்த சோப்புப் போடுவாள், தூக்கத்தில் எப்படிப் புலம்புவாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பாட்டு தெரியாது. அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்களுக்கே தெரியவில்லை.

செல்வியின் சித்தப்பா அவளுடைய போனை எடுத்துக்கொண்டு வந்தார். பூட்டியிருந்தது. கூட்டத்தில் யாரோ, "விரல வச்சாத் தொறக்கும்லா" என்றார்கள். அவர் தயங்கினார். பிறகு குனிந்து, அந்தப் பிள்ளையின் பெருவிரலை எடுத்துப் போனில் வைத்தார். திறக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். மறுபடியும் முயற்சிக்கச் சொன்னது போன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருப் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்காவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. "அந்தத் தாயி என்னட்டி கேக்கா?" என்று என் தோளை இடித்தார். இழவு வீட்டில், அவருடைய இடது காதில் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "செல்வி என்ன பாட்டுக் கேப்பான்னு கேக்காங்க! யாருக்கும் தெரியல!"

தெருவே கேட்டிருக்கும். அக்கா விறுவிறுவென்று போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியுந்தாயி. ஞாயித்துக்கெழம தவறாம அந்த ஒரு பாட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவா."

சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

ஆறும் தோணியும் அக்கரையும் வருகிற ஏதோ ஒரு பழைய பாட்டு. தன் குரல் தனக்கே கேட்காதவர் பாடினால் எப்படி இருக்கும்? ஒரு வரி மேலே போனது, ஒரு வரி பள்ளத்தில் விழுந்தது. வைண்டிங் மெஷினுக்கு மேலே கேட்கிற மாதிரி அத்தனை சத்தம். பந்தல் தகரம் அதிர்ந்தது. வேறொரு நாளாக இருந்திருந்தால் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்போம். அன்று ஒருவரும் அசையவில்லை. அக்கா ஒரு வரிகூட விடாமல் முழுப் பாட்டையும் பாடினார்.

செல்வியின் அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ஆமாத்தா, இதேதான். வீட்டுக்கு வந்தா இதத்தான் முணுமுணுப்பா" என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மறுபடி அழுகை வந்தது.

வேன் திரும்பும்போது அக்காவின் காதுப் பக்கம் குனிந்து கேட்டேன். "நெசமாவே செல்வி அந்தப் பாட்டத்தான் கேப்பாளாக்கா?"

"யாருக்குத் தெரியும்? அவ பொறக்குறதுக்கு முந்தின பாட்டு அது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் போட்ட ஒரே கள்ள ஓட்டுட்டி" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும் வரை அழுதார். தான் அழுகிற சத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாததால், டிரைவர் இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டினார்.

அடுத்த ஞாயிறு மெஸ்ஸில் தட்டுச் சத்தம் இல்லை. டாப் டென் அத்தோடு முடிந்தது. ஆனால் அக்கா அறை அறையாக வர ஆரம்பித்தார். யார் காதில் குமிழ் இருந்தாலும் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, "என்ன பாட்டு? பேரச் சொல்லு. ஒரு வரி பாடு" என்பார். காதல் பாட்டு என்றால் பெண்கள் வெட்கப்படுவார்கள். விட மாட்டார். புதிதாக வந்த ஒருத்தி பயந்துபோய் ஊருக்கே கிளம்பிவிட்டாள். வார்டன் அம்மாவிடம் புகார் போனது. அவர் அக்காவைக் கூப்பிட்டு, "எதுக்கு இதெல்லாம்?" என்று கத்தினார்.

"சும்மாதாம்மா. யாராச்சும் தெரிஞ்சி வச்சிருக்கணும்ல?"

வார்டன் அம்மா தன்னுடைய பாட்டின் பெயரையும் சொன்னார்.

மிச்சமிருந்த பாதிக் காதும் போன பிறகு, மில்லில் அக்காவை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வன்னியம்பட்டியில் தம்பி வீட்டில் இருக்கிறார். போனில் பேச வழியில்லை. அதனால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறார். போன முறை போனபோது, வந்தவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல், "ஒனக்கு அதே பாட்டுதானா, மாத்திட்டியா?" என்றார். மாற்றிவிட்டேன் என்றேன். புதுப் பாட்டின் பெயரை அவர் சரியாகச் சொல்லும் வரை என்னைத் திரும்பத் திரும்ப வாயசைக்க வைத்தார். சரியாகச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டு உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது என்று என் வீட்டுக்காரர் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வன்னியம்பட்டியில், காது கேட்காத ஒருவருக்கு அது தெரியும்.