கப்பலில் ஒண்டுதானே எடுத்தனான்

உலகத்தில் திருடர்கள் இருக்கிறார்கள், திருடாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், இரு பக்கத்தாரோடும் நல்ல உறவு வைத்துக்கொண்டு, மூன்றாவதாக ஓர் இனம் வாழ்கிறது. அவர்களுக்கு ‘ஒண்டுதானே’க்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். வேலை செய்கிற கந்தோரில் ஒரு பேனை, கலியாண வீட்டில் ஒரு கரண்டி, கோயில் தோட்டத்தில் ஒரு ரோசாக் கன்று. கேட்டால் முகம் கோணாது. “ஒண்டுதானே!” என்பார்கள். கேட்டவருக்குத்தான் வெட்கமாகிவிடும். எல்லோரும் நல்ல மனிதர்கள். அதுதான் தொல்லை.

இந்த இனம் இல்லாத ஊர் ஏது? ஆனால் கடலுக்கு அடியிலும் அது மேய்கிறது என்பதை நான் மன்னாரில், எங்கள் ஊரான பேசாலையில்தான் கண்டேன்.

எங்கள் கரையிலிருந்து படகில் முக்கால் மணித்தியாலம் போனால், ஒரு பழைய இரும்புக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கப்பல். சுழியோடிப் பார்க்கலாம், தொடக்கூடாது, எடுக்கக்கூடாது, பக்கத்தில் நங்கூரமும் போடக்கூடாது. அடியில் கயிறு கட்டி, ஐந்து இடங்களில் இலக்கம் போட்ட கொங்கிறீற் கட்டைகள் வைத்து, பார்க்க வருகிறவர்களுக்குப் பாதை அமைத்திருக்கிறார்கள். நீந்தத் தெரியாதா? கவலையில்லை. கண்ணில் மாட்டுகிற கறுப்புப் பெட்டி ஒன்று கோயில் மண்டபத்தில் இருக்கிறது. கதிரையில் இருந்தபடி, சட்டை நனையாமல், அதே பாதையில் போய்வரலாம்.

பெட்டிக்குள் ஓடும் படத்தை இரண்டு வருடத்துக்கு முன் பிடித்தவள் ஜெனுஷா. எங்கள் ஊர்ப் பிள்ளை, சான்றிதழ் பெற்ற சுழியோடி. படத்தில் மூன்றாம் கட்டையடியில் நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் பதினொன்று. இப்போது கடலடியில் ஏழு. சனிக்கிழமை கொழும்பிலிருந்து அதிகாரிகள் சரிபார்க்க வருகிறார்கள். படத்தில் உள்ளது அடியிலும் இருந்தால்தான் பாதை திறக்கும். திறந்தால் ஜெனுஷாவுக்கு வழிகாட்டி வேலை. இல்லாவிட்டால் அக்காவின் பின்னால் வேலை தேடிக் கட்டாருக்கு.

புதன்கிழமை மண்டபத்தில் கூட்டம். தலைவர் வலன்ரைன். முப்பது வருடம் சங்கு குளித்தவர், இப்போது கப்பல் பாதுகாப்புச் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர், எந்தக் கூட்டத்திலும் மேசையில் அடிக்காமல் இறங்காதவர்.

“வெளியூர்ப் படகுக்காரரின்ர வேலை!” மேசை அதிர்ந்தது. “எங்கட ஆக்கள் கைவைக்கமாட்டினம். அந்தக் கப்பல் எங்கட பிள்ளை மாதிரி!”

எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் தேவைக்கு மேலேயே ஆட்டினார்கள்.

“ஓம் மாமா,” என்றாள் ஜெனுஷா. “அடியில என்னென்ன இருந்ததெண்டு நீங்களே ஒருக்காப் போட்டுப் பாருங்கோ.”

தலைவர் பெட்டியை மாட்டிக்கொண்டார். முதற் கட்டை, நங்கூரம். “ஆகா!” இரண்டாம் கட்டை, கொதிகலன். “ஆகா!” மூன்றாம் கட்டை வந்ததும் மனிதர் பேச்சை நிறுத்தினார், கதிரையில் இருந்துகொண்டே மூச்சையும் அடக்கினார். பிறகு அவருடைய வலது கை மெல்லக் கீழே இறங்கி, வெறுங்காற்றில் எதையோ பற்றி, சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல் ஒரு திருகு திருகி, அந்தக் காலத்தில் சங்குப் பை தொங்கிய இடது இடுப்பில் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்தது. முப்பது வருடப் பழக்கம். தலையைக் கேட்டா கை போகும்? போனது. இரண்டாம் முறையும் போனது. மூன்றாம் முறையும் போனது.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி மாக்கிறட்டின் குரல் எழும்பியது.

“இஞ்சேருங்கோ, ஒண்டு எண்டெல்லோ என்னட்டச் சொன்னனீங்கள்?”

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் பிடித்தது. வலன்ரைன் பெட்டியைக் கழற்றினார். முகம் கோணவில்லை. “உண்மையா ஒண்டுதான் எடுத்தனான், பிள்ளை. அதுவும் கள்ளர் கொண்டுபோயிடுவாங்கள் எண்டுதான். அலுமாரியில பாதுகாப்பா இருக்கு.”

“நம்புறன் மாமா. நாலு பேரும் ஒவ்வொண்டுதான் எடுத்திருப்பியள்.” ஜெனுஷா பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். “நானும் ஒரு வேலைதானே கேட்டனான்.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

மண்டப வாசலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாத்திரத்தில் கடல்நீர் நிரப்பிவைத்தாள். எடுத்தவர்கள் போடலாம், யாரும் பார்க்கமாட்டார்கள். வலன்ரைன் மறுநாட் காலையில், பட்டப்பகலில், தட்டைத் துவாயில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அந்தத் துணிச்சலுக்கு அவரை நான் மதிக்கிறேன். பின்னேரம் இன்னொன்று கிடந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாவது. அதை யார் போட்டது என்று கேட்காதீர்கள். இந்த இனத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்றும் கேட்காதீர்கள்.

மூன்றையும் ஜெனுஷா கடலடியில் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். சனிக்கிழமை வந்தவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். பத்து. “அடுத்த மாதம் வாறம்,” என்று போய்விட்டார்கள்.

நீங்கள் போன வருடம் விடுமுறைக்கு மன்னார்ப் பக்கம் வந்தீர்கள் அல்லவா? அந்தப் பதினோராவது தட்டை நீங்கள் எடுக்கவில்லை, யாரோ அன்பாகத் தந்தார்கள், தெரியும். இப்போது அதில் வீடு பூட்டுகிற திறப்புகளைப் போட்டு வைக்கிறீர்கள். தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள், உடைந்துபோகும். நேரில் கொண்டுவாருங்கள். கட்டாருக்கென்று எடுத்த ஜெனுஷாவின் கடவுச்சீட்டு இன்னும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது.