உடைந்த ஜன்னலும் ஒரு தட்டுப் பாணும்

உலகத்திலுள்ள சகல ஜீவராசிகளையும் இரண்டே இரண்டு வகையாகப் பிரித்து முடித்தவர் எங்கள் பணிஸ் நானா. பொங்கியது, பொங்காதது. அவ்வளவுதான். மூன்றாவது வகை கிடையாது.

கண்டி அம்பிட்டிய மேட்டில் எங்கள் வாடகை அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற சின்ன பேக்கரி அவருடையது. அவருக்குச் சொந்த ஊர் திகன. சொந்தப் பெயர் அவருக்கும் அவரைப் பெற்றவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். பணிஸ் சுடுகிறார், ஆகவே பணிஸ் நானா. பாணும் சுடுகிறார், ஆனால் "பாண் நானா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். "பாண் எவனும் சுடுவான் தம்பி. பணிஸுக்குத்தான் மனசு வேணும்" என்பார்.

மா பொங்கிவிட்டதா என்று பார்க்க பேக்கரிக்காரர்கள் விரலால் அழுத்துவார்கள். விழுந்த பள்ளம் மெதுவாக மேலே வந்தால் மா தயார். நானாவுக்கு இந்தப் பழக்கம் மாவோடு நிற்கவில்லை. யாரைக் கண்டாலும் முழங்கைக்கு மேலே ஒரு அழுத்து. புதிதாக மாற்றலாகி வந்த பொலிஸ் சார்ஜனை அழுத்திப் பார்த்து, "இன்னம் கொஞ்ச நேரம் மூடி வைக்கணும் சேர்" என்றார். பெண் பார்க்க வந்த ஒரு பொடியனை அழுத்தி, "ஈஸ்ட் காணாது" என்று சொல்லி அந்தக் கல்யாணமே நின்றுபோனது என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை. ஆனால் பொடியனை எனக்குத் தெரியும். ஈஸ்ட் காணாதுதான்.

இந்த மனிதரிடம்தான் என் குடும்பத்தின் தலையெழுத்து ஒரு தை மாதம் போய்ச் சேர்ந்தது.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. நான் மலையகத்தான். எங்களுக்கு முதல் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரவேண்டும். செவ்வாய்க்கிழமை, எங்கள் குளியலறைச் சவர்க்காரத்துக்கு உரிமை கொண்டாடி இரண்டு குரங்குகள் கூரையில் சண்டை பிடித்தன. தோற்ற குரங்கு கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னலில் வந்து விழுந்தது. கண்ணாடி போயிற்று. குரங்குக்கு ஒன்றுமில்லை. சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனது.

அம்பிட்டியத் தைக் குளிர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பனிமூட்டம் ஜன்னலால் உள்ளே வந்து, சொந்தக்காரர் மாதிரிக் கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். போ என்றால் போகாது. பிலிமத்தலாவைக் கண்ணாடிக் கடைக்காரருக்கு போன் எடுத்தேன். "திங்கட்கிழமை வாறேன்" என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குள் மனைவியின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து போனில் வந்தார். அவரை எல்லாரும் பெரியக்கா என்போம். கண்டி என்றாலே ஐஸ்பெட்டி என்று நினைக்கிறவர்.

"இஞ்ச பாரும் தம்பி, வெள்ளிக்கிழமை நான் வாறன். அறை குளிரெண்டா ஒரு கதையும் இல்லை. தாயையும் பிள்ளையையும் நேரா யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போயிடுவன். மூண்டு மாசம் கழிச்சு வந்து பாரும்."

மூன்று மாதம்! பிள்ளையை நான் அதுவரை நல்லபடியாகத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தாதியர் கையில் இருந்து வாங்குவதற்குள் பார்வை நேரம் முடிந்துவிடும்.

கண்ணாடி உடைந்த கதை கேட்டு வந்த நானா, ஜன்னலை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு என் கையை அழுத்திப் பார்த்தார்.

"நீங்க இடிஞ்சி போய் ஈக்கிறீங்க தம்பி. இது ஜன்னல் இல்ல. போறணைக் கதவு தொறந்து ஈக்கு. கதவ மூடினா சரி. நான் பாத்துக்கிறன்."

போறணை என்றால் அவர் பாண் சுடுகிற அந்தப் பெரிய அடுப்பு. அவருடைய உலகத்தில் அறை, பஸ், பள்ளிவாசல், பாராளுமன்றம் எல்லாமே ஏதோ ஒரு வகைப் போறணைதான்.

மா வந்த சாக்குகளை இரட்டையாகத் தைத்து, கோதுமை மா காய்ச்சிய பசையால் ஜன்னல் சட்டத்தில் ஒட்டினார். ஒட்டி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, "பசைக்குக் கொஞ்சம் சீனியும் போட்டீக்கு. பிடிச்சா விடாது" என்றார்.

விடியற்காலையில் கண் விழித்தால், சாக்கு நிலத்தில். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒரு குரங்குக் குடும்பமே உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது. குட்டிக்குத் தாய் வழித்து ஊட்டியது.

"சீனி கூடிப்போச்சி" என்றார் நானா. பசை பிழை என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு பெரிய தகரத் தட்டைக் கொண்டுவந்து ஆணி அடித்தார். காற்று நின்றது. குரங்குகள் வெளியிலிருந்து அதில் தவில் வாசித்தன. ஆனாலும் அறை குளிர்ந்துதான் கிடந்தது. எனக்கு அப்படித் தோன்றியது. எனக்குத் தோன்றுவதெல்லாம் நானாவிடம் செல்லாது, அவருக்கு அத்தாட்சி வேண்டும். ஒரு உருண்டை மா பிசைந்து, பிள்ளையின் வெள்ளைத் துணி ஒன்றில் சுற்றி, பிள்ளை படுக்கப்போகிற இடத்திலேயே கிடத்தினார்.

"மா பொங்கிற ரூம்ல புள்ள நடுங்காது."

கதிரையைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். நான் சட்டை எடுக்கக் கதவைத் திறந்தால், "தொறக்க வாணாம்! மா பயந்துடும்!" சட்டையில்லாமல் முற்றத்தில் நின்றேன். எனக்குக் குளிரலாம், மாவுக்குக் குளிரக் கூடாது. பின்னேரம் வெளியே வந்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"தம்பி... பொங்கல்ல."

ஒரு வைத்தியர் வந்து சொல்வது போலிருந்தது. எனக்கும் அழுகை வரப்பார்த்தது, மாவுக்காக.

வெள்ளிக்கிழமை காலை நான் ஆஸ்பத்திரிக்குப் போய், மனைவியையும் பிள்ளையையும் பெரியக்காவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பெரியக்கா இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர். பிள்ளையை அவர் மடியில் இறுக்கி வைத்திருந்த விதத்திலேயே யாழ்ப்பாணம் தெரிந்தது. பயணப் பையையும் அவர் ஆட்டோவிலிருந்து இறக்கவில்லை. "நில்லும், அறையைப் பாத்திட்டு வாறன்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார்.

எங்கள் வாசலில் கியூ நின்றது.

உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலைச் சுற்றி நாலு பக்கமும் பாண் தட்டு. அலுமாரி மேலே பாண், ஜன்னல் படியில் பாண், கதிரையில் பணிஸ். போறணையிலிருந்து இறக்கியதெல்லாம் சூட்டோடு எங்கள் அறைக்கு வந்திருந்தது. பாண் இங்கே வந்ததும் வாங்குகிறவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஒரு அம்மா என் கையில் காசைத் திணித்து, "மாத்தயா, பாண் தெகக்" என்றார். சிங்களத்தில் இரண்டு பாண் கேட்கிறார். நான் எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பெரியக்கா கட்டிலைப் பார்த்தார். வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு பிள்ளை அளவுக்கு ஏதோ கிடந்தது.

"தம்பி... உது ஆற்ற பிள்ளை?"

"மா, தங்கச்சி" என்றார் நானா பெருமையாக. "ராவெல்லாம் பொங்கல்ல. இப்ப பாருங்கோ!" துணியை விலக்கி விரலால் ஒரு அழுத்து. பள்ளம் விழுந்து, மெதுவாக மேலே வந்தது. கியூவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பெரியக்கா வாயைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், பிள்ளையை என் கையில் தந்துவிட்டு மப்ளரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதன் பின் ஒரு ஸ்வெட்டர். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மற்ற ஸ்வெட்டரும்.

"என்ன உது, இப்பிடிப் புழுங்குது" என்றார். பிறகு என் மனைவியிடம், "மாவைத் தள்ளிப்போட்டுப் படும் பிள்ளை" என்றார். ஆட்டோவிலிருந்து பயணப் பை இறங்கியது.

நானா பிள்ளையைப் பார்க்க வந்தார். விரலை நீட்டினார். பெரியக்கா, "ஐயோ, அமத்திப்போடாதேங்கோ!" என்று பாய்ந்தார். தேவையில்லாமல் போயிற்று. சார்ஜனையே அழுத்திய விரல் பிள்ளையின் கன்னத்துக்கு ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது. நானா கையை மடக்கிச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"இத அமத்தப்படாது. இப்பத்தான் பிசைஞ்சி வெச்சீக்கு" என்றார்.

கண்ணாடிக்காரர் ஒரு திங்கட்கிழமை வந்தார். அப்போது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தாள். அதுவரை ஒரு நாள் தவறாமல் முதல் தட்டுப் பாண் எங்கள் அறைக்கு வந்து ஆறிவிட்டுத்தான் கடைக்குப் போனது. ஆறின பாண் என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். "ஒரு புள்ளையக் குளிர்காய வெச்ச பாண். கசக்குதா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தார் நானா.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் பணிஸ் வாங்கப் போனால் கன்னத்தை அவளே நீட்டுகிறாள்.

"பணிஸ் நானா, அமத்திப் பாருங்க. நான் பொங்கிட்டேனா?"

தெருவில் போகிற எல்லாரையும் அழுத்திப் பார்க்கிற அந்த மனிதர், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

"இன்னமில்ல புள்ள. மெதுவாப் பொங்குங்கோ. எனக்கு ஒரு அவசரமுமில்ல."