எங்கேயும் போகாத நீல ஒயர்

ஆம்பூர்,
விஜயதசமிக்கு மறுநாள் மத்தியானம்.

என் பெண்டாட்டியோடு கூடப் பிறந்த ஒரே குற்றத்துக்காக என்னை மாமா என்று கூப்பிடவேண்டி வந்த அன்பு மச்சான் பரணிதரனுக்கு, ஷூ கம்பெனி ஜெனரேட்டர் ஆபரேட்டர் முனிரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஹேமலதாவும் பிள்ளைகளும் ஜெனரேட்டரும் நலம். அங்கே கணியம்பாடியில் நீயும், வளைகாப்புக்குக் காத்திருக்கும் ரோஷினியும் நலமாக இருக்கவேண்டும் என்று கெங்கையம்மனை வேண்டுகிறேன். உன் மாமியாருக்காக வேண்டவில்லை. அவர் எப்படியும் நன்றாகத்தான் இருப்பார்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கம்ப்யூட்டரை எல்லாம் பார்த்துக்கொள்ளும் நீ லீவில் போகும்போது, "மாமா, சர்வர் ரூம் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், ஒருத்தரையும் உள்ள விடாதீங்க" என்று கொடுத்தாய். ஒருத்தரையும் விடவில்லை. நான் மட்டும் தினமும் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய், சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு ஏசியில் தூங்குகிறேன். நீ இருந்த காலத்திலும் தூங்கியிருக்கிறேன். எலி செத்த வாடை வருகிறது என்று மூலைக்கு மூலை மருந்து வைத்தாயே, அது என் சட்டை. இதற்கே கோபம் வந்துவிட்டால் மீதியைப் படிக்காதே. இல்லை, படி. படித்துத்தான் ஆகவேண்டும். போனில் சொன்னால் நீ கத்துவாய், விருந்தாளி நிறைந்த வீட்டில் உன் மாமியார் 'இன்னா, இன்னா' என்று பக்கத்தில் வந்து உட்காருவார். கடுதாசியைப் பார்த்து நீ எவ்வளவு கத்தினாலும் ஆம்பூருக்குக் கேட்காது.

நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. சங்கு ஊத ஒரு கம்ப்யூட்டர், ஆள் வந்ததை எழுத ஒரு கம்ப்யூட்டர், அட்டைப்பெட்டிக்கு லேபிள் அடிக்க ஒரு கம்ப்யூட்டர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, "இல்ல மாமா, எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள இருக்கிற பொய்க் கம்ப்யூட்டருங்க. ஒரு வீட்ல மூணு குடித்தனம் மாதிரி" என்றாய். வீடு இடிந்துபோனால் அந்த மூணு குடித்தனமும் சட்டி பானையோடு பக்கத்து வீட்டுக்குப் போய், கொதித்த குழம்பை அதே கொதியில் தொடரவேண்டும், அதற்குத்தான் ரெண்டாவது பெட்டி. முதல் பெட்டி பெரியவன், ரெண்டாவது சின்னவன். பெரியவன் வேலை பார்ப்பான். சின்னவன் அவன் எழுதுவதை எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டே, நொடிக்கு ஒரு தரம் 'இருக்கியா?' என்று கேட்பான். 'இருக்கேன்' என்று பதில் வரும். வரவில்லை என்றால் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சின்னவன் குடித்தனங்களை எடுத்து நடத்துவான். உன் அக்காவும் போனில் நொடிக்கு ஒரு தரம் 'எங்க இருக்க?' என்று கேட்கிறாள். பதில் வரவில்லை என்றால் நான் செத்துவிட்டேன் என்று நினைக்கமாட்டாள். அதைவிட மோசமாக நினைப்பாள்.

ஆனால் இந்த 'இருக்கியா, இருக்கேன்' எந்த வழியாகப் போகிறது என்று நீ சொல்லவே இல்லை. தப்பு உன்மேல் என்று சொல்லவரவில்லை. பாதி உன்மேல்.

ஆயுதபூஜைக்குத் தையல் மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்தாயிற்று, பூசணிக்காய் வந்தாயிற்று, கேட்டில் வாழைக்கன்று கட்டக் கயிறு கம்மியாகிவிட்டது. பேக்கிங் சூப்பர்வைசர் கோதண்டபாணி, "இன்னாண்ணே, கன்னு சாயுது, அபசகுனமாச்சே" என்று புலம்பினான். "நீ சாயாம நின்னாலே கம்பெனிக்கு நல்ல சகுனம்தான்" என்று சொல்லிவிட்டு, உன் பெட்டிகளுக்குப் பொட்டு வைக்கப் போனேன். பின்னாலே பார்த்தால் ஒரு நீல ஒயர். மற்ற ஒயரெல்லாம் சுவருக்குப் போகிறது, கூரைக்குப் போகிறது, ஏதோ ஒரு ஜோலியாகப் போகிறது. இது மட்டும் பெரியவன் முதுகில் கிளம்பிச் சின்னவன் முதுகில் முடிந்துவிடுகிறது. இத்தனை வருஷமாகக் கரண்ட் வேலை பார்க்கிறவன் நான். எங்கேயும் போகாத ஒயர் எதற்கு? மீந்துபோன ஒயர் என்று நினைத்து உருவினேன். கட்டினேன். கன்று நிமிர்ந்து நின்றது. பொரிகடலைக்கு முதல் ஆளாகக் கை நீட்டும் நம் மேனேஜர் கலீமுல்லா பாய்கூட, "பலே முனி, கேட்டுக்கும் நீலம், கட்டுக்கும் நீலம்" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

லீவு முடிந்து இன்றைக்குக் காலையில் கம்பெனி திறந்தது. டீக்குச் சங்கு ஊதியது. கேட்டுக்கு எதிரே பில்கிஸ் டீக்கடைக்குப் போய் டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் மறுபடியும் ஊதியது. நம் கம்பெனியில் டீக்கு விடுவதற்கும் அதே சங்கு, வேலைக்குக் கூப்பிடுவதற்கும் அதே சங்கு. டீ முடிந்துவிட்டது என்று பாதிப் பேர் டம்ளரை வைத்துவிட்டு ஓடினார்கள். மீதிப் பேர் இப்போதுதான் ஆரம்பம் என்று காலை நீட்டி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களைக் கூப்பிட ஊதியபோது, ஓடினவர்கள் டீ குடிக்கத் திரும்பி வந்தார்கள். அதற்கப்புறமும் ஒன்று ஊதியது. பில்கிஸ் பயந்துவிட்டாள். "முனிண்ணே, உங்க கம்பெனிக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா? ஒரே ஆளு மூணு தபா வர்றான்!" என்றாள். "வியாபாரம் ஜாஸ்திதான ஆவுது? நல்ல பேயி" என்று சிரித்தேன். இன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

உள்ளே போனால் கோதண்டபாணி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு லேபிளும் ரெண்டு ரெண்டாக வருகிறது, ஒரே நம்பர், இரட்டைப் பிள்ளை மாதிரி. எந்தப் பெட்டி நிஜம், எந்தப் பெட்டி பொய் என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்குள் கலீமுல்லா பாய் தன் ரூமிலிருந்து ஓடி வந்தார். "காலையில ரேகை வச்சேன். இப்ப நான் கம்பெனிக்கே வரலைன்னு காட்டுது! அப்போ இங்க நின்னு உங்களத் திட்டிக்கினு இருக்கிறது யாரு?" என்று கேட்டார். கோதண்டபாணி தெரியாமல், "அதான் பாய், எங்களுக்கும் சந்தேகமா இருக்குது" என்றுவிட்டான். அவனுக்கு விழுந்த திட்டை எழுதப் பேனாவில் மை பத்தாது.

பயம் வந்தால் எனக்குத் தூக்கம் வரும். உன் ரூமுக்குப் போனேன். உள்ளே கொல்லன் பட்டறை மாதிரி அனல். வழக்கமாகப் பெரியவன் மட்டும் மூச்சு வாங்குவான், சின்னவன் பூனை மாதிரிக் கிடப்பான். இன்றைக்கு ரெண்டு பேரும் மூச்சு வாங்குகிறார்கள். அப்போதுதான் மச்சான், எனக்கு அந்த நீல ஒயர் ஞாபகம் வந்தது. 'இருக்கியா?' என்று சின்னவன் கேட்டிருக்கிறான். ஒயர் வாழைக்கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது, பதில் எப்படி வரும்? அண்ணன் செத்தான் என்று எல்லாக் குடித்தனத்தையும் அவனும் நடத்துகிறான். அண்ணனோ சாகவே இல்லை, தம்பிதான் போய்விட்டான் என்று அவன் பாட்டுக்கு நடத்துகிறான். கடிகாரமும் ஆளுக்கு ஒன்று, அதனால்தான் சங்கும் லேபிளும் ரெண்டு ரெண்டு. வந்த தூக்கம் போய்விட்டது. சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

ஒயரை அவிழ்த்துக் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்போது நெமிலி அரங்கநாதன் சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். காணாமல் போனவர் செத்துவிட்டார் என்று முடிவு கட்டி, மகன் அவர் நிலத்தை உழுது, கருமாதியும் வைக்க, பந்தி நடக்கும்போது அவரே வந்து உட்கார்ந்து சாப்பிட்டு, "வடையில உப்பு கம்மி" என்றாரே. அப்பனும் மகனும் 'நிலம் என்னுது, என்னுது' என்று கட்டிப் புரண்டதை நீயும் பார்த்தாய். இவன்கள் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் எவன் எவன் கணக்கை அழிப்பான்? பாதிப் பேர் வருகை இவனிடம், பாதிப் பேர் வருகை அவனிடம். நான் தொடவில்லை.

நாளை மறுநாள் நம் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையர் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே நீ பெரியவனின் பிளக்கைப் பிடுங்கிக் காட்டவேண்டும். "ஒண்ணு நின்னாலும் வேலை நிக்காது பாய். நின்னா நான் வேலையிலேர்ந்து நின்னுக்கிறேன்" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டாயே, அதைத்தான் கலீமுல்லா பாய் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பிறக்கும் நேரத்தில் உன் வேலைக்கு நான் உலை வைத்துவிட்டேன் என்று உன் அக்காவுக்குத் தெரிந்தால், என்னைத் தேடி எந்தச் சின்னவனும் 'இருக்கியா?' என்று கேட்கவேண்டியிருக்காது.

அதனால் நாளைக்கு வளைகாப்பு முடிந்த கையோடு பஸ் ஏறு. எவன் கணக்கு நிஜம் என்று பஞ்சாயத்து பண்ணிவிட்டு ஒயரை மாட்டு. ஒயர் பத்திரமாக இருக்கிறது. அதை ஒயர் என்று யாரும் நினைக்கவில்லை, அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். விஷயம் உனக்கும் எனக்கும் அந்த வாழைக்கன்றுக்கும் மட்டும்தான் தெரியும். இந்தக் கடுதாசியை உன் அக்கா கொண்டுவரும் சீர்த்தட்டில், வளையலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாமியார் கையில் சிக்குவதற்குள் எடுத்துவிடு.

ரோஷினிக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். குழந்தைக்கு உன் புத்தி வரட்டும், உன் மாமியார் குரல் வராமல் இருக்கட்டும். எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இப்போதைக்கு வேலையில் இருக்கும் உன் மாமா,
முனிரத்தினம்

பின்குறிப்பு: காலையில் எழுதுகிறேன். உன் அக்கா கிளம்பும் முன்பு ஒயரை அவிழ்த்து உள்ளே வைக்கலாம் என்று கேட்டுக்குப் போனேன். பில்கிஸின் ஆடு வாழைக்கன்றைத் தின்றிருந்தது. ஒயரில் பாதியையும். மீதிப் பாதியை பில்கிஸ் ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கி, கம்பெனிச் சாமான் என்று கலீமுல்லா பாயிடம் ஒப்படைத்துவிட்டாள். அவர் அதை நோட்டீஸ் போர்டில் தொங்கவிட்டு, 'உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்' என்று எழுதி வைத்திருக்கிறார். ஆடு நலம்.