பொதுக்கோப்புத் திறப்பு விழா

கல்லணைக்குப் பிறகு காவிரிப் படுகையில் எழுந்த மகத்தான கட்டுமானம் எது என்று யாராவது கேட்டால், சேரன் எழுதிய பொதுக்கோப்பைத் தயங்காமல் சொல்லிவிடலாம். பெயர்தான் சேரனே தவிர, சோழநாட்டுக்கு அவன் ஆற்றிய தொண்டு கொஞ்சநஞ்சமல்ல. கல்லணை தண்ணீரைத்தான் மறித்தது. சேரனின் கோப்பு நெல்லையே மறித்துக் காட்டியது.

சேரன் தஞ்சாவூர் 'நெல்வரவு மின்சேவைக் கழக'த்தில் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியன். விவசாயி கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட வேண்டுமென்றால், முதலில் கழகத்தின் இணையதளத்தில் டோக்கன் எடுக்க வேண்டும். டோக்கன் இல்லாத நெல் நெல்லே அல்ல. ரோட்டோரம் கிடக்கும் 'மஞ்சள் நிறப் பொருள்'. ஊருக்கு ஒரு தளம், தளத்துக்கு ஒரு செட்டிங்ஸ். குத்தாலத்தில் ஒன்றை மாற்றினால் பாபநாசத்திலும் திருவையாற்றிலும் தனித்தனியாக மாற்றியாக வேண்டும். இந்த அநாகரிகத்தை ஒழிக்கப் பிறந்ததுதான் பொதுக்கோப்பு. எல்லாருக்கும் வேண்டியதை அதில் எழுதிவிட்டால், ஒவ்வொரு தளமும் 'பொதுக்கோப்பில் உள்ளபடி' என்று ஒரே வரியில் கும்பிடு போட்டு எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை எழுதினால் ஊரெல்லாம் நடக்கும் என்று அம்மாவிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

நடக்கவும் செய்தது. அதுதான் கோளாறு என்பதை இயக்குநர் நெடுஞ்செழியன் கண்டுபிடித்தார்.

"தம்பி, இதை யாரு திறந்து வச்சா?"

"இது கோப்புங்க சார். தானா ஓடுது."

"திறந்து வைக்காம எப்படிப்பா ஓடும்? ஓடுனா அது முறைகேடு."

அவசரக் கூட்டம் கூடியது. கீரை வடையைத் தொடர்ந்து தீர்மானங்கள் நிறைவேறின. பொதுக்கோப்புக்குச் சிறப்பு விருந்தினரைக் கொண்டு திறப்பு விழா நடத்துவது. சர்வர் அறையில் கல்வெட்டு பதிப்பது. சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது, ஆனால் உள்ளே தெளிக்காமல் இருப்பது. அதுவரை தளத்தில் 'விரைவில் திறப்பு விழா' என்று மட்டும் காட்டுவது.

சேரன் அந்த உத்தரவை ஒரே வரியாகப் பொதுக்கோப்பில் எழுதினான். கண்மூடித் திறப்பதற்குள் டெல்டா முழுக்க டோக்கன் நின்றது. ஓர் ஊர் மிச்சமில்லை. தன் படைப்பின் கச்சிதத்தைக் கண்டு சேரனுக்கே புல்லரித்துப்போயிற்று.

குறுவை அறுவடை நேரம். அவன் அம்மா ராசம்மாள் குத்தாலத்திலிருந்து போன் செய்தாள்.

"தம்பி, நெல்லு ரோட்டுல கொட்டிக் கெடக்குதுப்பா. போனை அமுக்குனா திறப்பு விழாங்குது. டோக்கன் இல்லாம ஒரு மூட்டையத் தொட மாட்டேங்கறாங்க. கெழக்க மானம் கருத்துக்கிட்டு நிக்குது. இந்த நெல்லு வித்துப் போனாத்தான்டா சம்பா நடவு."

சேரன் இயக்குநரிடம் ஓடினான்.

"சார், அந்த ஒரு வரியை எடுத்துடட்டுமா? ஒரு நிமிஷம்கூட ஆகாதுங்க."

"எடுத்துட்டா அவரு வந்து எதைத் திறப்பாரு? சும்மா கையை ஆட்டிட்டுப் போவாரா?" நெடுஞ்செழியன் குரலைத் தாழ்த்தினார். "உன் பணி நிரந்தர ஆர்டரை மேடையிலயே அவரு கையால கொடுக்கச் சொல்லியிருக்கேன் தம்பி. யோசிச்சுக்க."

சேரன் யோசித்தான். வெகுநேரம் அல்ல. அம்மாவைக் கூப்பிட்டு, "தார்ப்பாய் போட்டு மூடி வைம்மா" என்றான். இப்படியொரு கட்டுப்பாடு கொண்ட இளைஞர்கள் இருக்கும்வரை நிர்வாகத்துக்கு ஒரு குறையும் வராது.

சிறப்பு விருந்தினருக்கு வரிசையாகக் கல்யாணங்கள் இருந்ததால் விழா தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போனது. மழைக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. யாரும் ரிப்பன் வெட்டாமலே வந்து கொட்டியது. தார்ப்பாய்க்கு அடியிலும் தண்ணீர் ஏறியது.

ஒருவழியாக விழா நாள் வந்தது. முதல் டோக்கன் பெற ஒரு 'பயனாளி' தேவைப்பட்டார்.

"உங்கம்மாவையே கூட்டிக்கிட்டு வா" என்றார் நெடுஞ்செழியன். "வீட்டு ஆளா இருந்தா மேடையில ஏடாகூடமாப் பேச மாட்டாங்க."

விருந்தினர் கம்ப்யூட்டர் திரைக்குக் குறுக்கே கட்டிய ரிப்பனை வெட்டினார். அதே நொடி, மேடை ஓரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த சேரன் அந்த வரியை அழித்தான். டெல்டா திறந்துகொண்டது. கைத்தட்டல் ஓய்ந்ததும் சேரனுக்கு நிரந்தர ஆணையும், ராசம்மாளுக்கு முதல் டோக்கனும் வழங்கப்பட்டன.

ராசம்மாள் டோக்கனைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். "இவ்வளவுதானாடா? ஒரு தட்டுத் தட்டுனா தெறந்துக்குமா?"

"ஆமாம்மா."

"மழை வர்றதுக்கு முன்னாடியும் இதே தட்டுதானா?"

சேரன் கையிலிருந்த ஆணையைக் குனிந்து பார்த்தான். ராசம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கைப்பிடி நெல்லை அவன் ஆணையின் மேல் கொட்டினாள். வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"எங்க நெல்லு மட்டும்னா நம்ம தலையெழுத்துன்னு போயிருப்பேன். ஒரு தடவ எழுதுனா ஊரெல்லாம் நடக்கும்னு பெருமையாச் சொன்னியே, நடத்திட்டடா! வர்ற வழியில ஒரு ஊரு பாக்கியில்ல, எல்லா ரோட்டுலயும் முளைச்சுக் கெடக்கு."

மைக் அணைக்கப்பட்டது. நாதஸ்வரம் முழங்கியது. மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. அதன் கீழே அச்சிட்டிருந்தார்கள்: 'பாராட்டு மழையில் நனைந்து, அடக்கத்தால் தலைகுனிந்து நிற்கும் இளம் வல்லுநர்.'